தேய்ந்துபோன வீட்டு நீச்சல் குளத்துக்குப் புதுப் பூச்சு: குமரி மாவட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

நீச்சல் குளத்தின் உட்பூச்சு தேய்ந்துவிட்டதைக் கண்ணைவிடக் காலே முதலில் அறியும். குளித்துவிட்டு ஏறும் பிள்ளைகளின் பெருவிரல் அடியில் தோல் சிவந்து உரிந்திருக்கும். படியில் உட்கார்ந்து எழுந்தவர்களின் உடையில் நூல் பிரிந்து நிற்கும். சுவரில் பாசி விடாமல் ஒட்டுவதும், சாம்பல் நிறத் திட்டுகள் பரவுவதும், துருப் புள்ளிகள் தெரிவதும் அதற்குப் பிறகு வருபவை. வெள்ளை சிமெண்டும் மார்பிள் தூளும் கலந்து பூசிய பூச்சு, தண்ணீரின் தன்மையைச் சரியாகப் பேணினால் 10 முதல் 15 ஆண்டுகள் வரை நிற்கும். பேணாவிட்டால் ஐந்தாறு ஆண்டுகளிலேயே அரித்துப்போகும். திருவட்டார், குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்து வெட்டுக்கல் நிலங்களில் ஊறும் கிணற்று நீர் பெரும்பாலும் மென்மையானது, சற்று அமிலத் தன்மையும் உடையது. அத்தகைய நீர் பூச்சிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துவிடுகிறது. சுண்ணாம்பு போன இடத்தில் மார்பிள் குறுணை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. காலைக் கீறுவது அதுதான்.

கான்கிரீட்டில் கட்டி வெள்ளைப் பூச்சு பூசிய வீட்டுக் குளங்களுக்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கணக்குகள் எல்லாம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் உள்ள ஒரு குளத்துக்கானவை. அதில் ஏறத்தாழ 45,000 லிட்டர் தண்ணீர் கொள்ளும், பூச வேண்டிய பரப்பு 65 சதுர மீட்டர் வரும். ஃபைபர் குளம் வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்றித் தண்ணீரை இறைத்துவிட வேண்டாம். அதன் சுவர் தண்ணீரின் தாங்கல் இல்லாமல் உள்நோக்கி வளைந்துவிடும்.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

குளத்தைக் காலி செய்வதற்கு முன் குளத்துக்கு வெளியே உள்ள தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டும். காலிக் குளம் நிலத்துக்குள் புதைந்த படகைப் போன்றது. நிலத்தடி நீர் குளத்தின் அடித்தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரையையும் ஒரு டன் விசையோடு அது மேல்நோக்கித் தள்ளுகிறது. 20 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் தரையின் எடையோ சதுர மீட்டருக்கு அரை டன் அளவே. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்த எடை தரையை அமுக்கி வைத்திருக்கிறது. இறைத்த பிறகு அமுக்க எதுவும் இல்லை.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் மாவட்டம் நம்முடையது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் பாசனத்துக்குத் திறக்கப்படும் நீர் பிப்ரவரி இறுதி வரை கால்வாய்களில் ஓடுவதால், ஏலாக்களை, அதாவது வயல்வெளிகளை ஒட்டிய வீடுகளில் மழை நின்று வாரங்கள் ஆன பிறகும் கிணறு இறங்குவதில்லை. ஆகவே நிலம் இடம் கொடுக்கும் காலம் மார்ச் மாதமும் ஏப்ரலின் முதல் வாரமும்தான். அதன் பிறகு கோடை மழை எந்த மாலையிலும் வந்துவிடலாம். ஆனால் பூச்சுக்கு மிகக் கெட்ட வெயிலும் அந்த நாட்களில்தான் அடிக்கிறது. நிழலையும் ஈரத்தையும் நம் கையால் உண்டாக்கிக்கொள்ளலாம், நிலத்தடி நீரை அப்படி இறக்க முடியாது என்பதால், மார்ச்சைத் தேர்ந்து வெயிலோடு போராடுவதே சரி என்று உறுதியாகச் சொல்வேன்.

இதை நான் கற்றது என் சொந்தத் தவறில். தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், ஏலாக் கரையில் இருந்த ஒரு வீட்டில், கிறிஸ்துமஸுக்குள் முடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு நவம்பரில் குளத்தை இறைத்தேன். மறுநாள் காலையில் ஆழமான பக்கத்துத் தரையில் நெடுக ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதன் ஒரு விளிம்பு மறு விளிம்பைவிட இரண்டு விரல் உயர்ந்து நின்றது. இடையில் ஊற்று நீர் கண்ணாடிபோலத் தெளிவாகக் கசிந்துகொண்டிருந்தது. பூச்சு வேலைக்குப் போன நான் தரையையே பெயர்த்துக் கட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நிலத்தடி நீரை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். வளாகத்துக் கிணறே போதும். விளிம்பிலிருந்து நீர் மட்டம் வரை கயிறு விட்டு அளந்துகொண்டு, டியூப் லெவல் (நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) பிடித்து அந்தக் கிணற்று விளிம்பின் மட்டத்தைக் குளத்தின் விளிம்புக்குக் கொண்டுவந்தால், கிணற்று நீர் குளத்தரைக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று தெரிந்துவிடும். தரைக் கான்கிரீட்டின் அடிப்பாகத்துக்குக் குறைந்தது அரை மீட்டர் கீழே இருந்தாலொழிய மோட்டாரைப் போட வேண்டாம்.

இறைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

தண்ணீர் குறைகிறது என்றால் அது ஆவியாகிறதா, கசிகிறதா என்று முதலில் தெளிய வேண்டும். குளத்தின் படியில் ஒரு வாளியை வைத்து, குளத்து நீரையே அதில் நிரப்பி, வாளிக்குள்ளும் குளத்துச் சுவரிலும் நீர் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது. குளம் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு உண்டு. குழாய் இணைப்பிலோ, விளக்குக் குழியிலோ, கான்கிரீட்டிலோ இருக்கும் அந்தக் கசிவைப் புதுப் பூச்சு மறைக்குமே தவிர நிறுத்தாது.

நீருக்கடியில் விளக்கு இருந்தால் அதன் மின் இணைப்பைப் பெட்டியிலேயே துண்டித்துவிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அறுபடும் பாதுகாப்பு பிரேக்கர் இல்லையென்றால் இந்த வேலையோடு சேர்த்துப் பொருத்திவிடலாம். குளத்தைச் சுற்றித் தடுப்பு கட்டுவதையும் முதல் நாளே செய்துவிடுங்கள். நிறைந்த குளத்தில் விழுந்த பிள்ளை நீந்திக் கரையேறக்கூடும். காலிக் குளத்தில் விழுந்தால் கீழே இருப்பது கான்கிரீட்.

இறைத்தல்

குளோரின் போடுவதைச் சில நாட்கள் முன்பே நிறுத்தி, குளத்தைத் திறந்தபடி வெயிலில் விட்டால் குளோரின் பெருமளவு சிதைந்துவிடும். அதன் பிறகே தண்ணீரைத் தோப்புக்குப் பாய்ச்ச வேண்டும். மீன் வளரும் குளத்துக்கும் கால்வாய்க்கும் விடவே கூடாது. உப்பிலிருந்து குளோரின் உண்டாக்கும் உப்புக் குளோரினேட்டர் வைத்தவர்கள் அந்த உப்பு நீரைத் தென்னைக்கும் பாய்ச்சாமல் தவிர்ப்பது நல்லது.

தரையின் ஆழமான இடத்திலுள்ள வடிகுழியில், அடியிலிருந்து தள்ளும் நிலத்தடி நீரை உள்ளே விட்டு அழுத்தம் குறைக்கும் வால்வு இருந்தால், நீர் முழங்கால் அளவுக்கு இறங்கியதும் அது அடைபடாமல் இயங்குகிறதா என்று பாருங்கள். வால்வே இல்லாத பழைய குளங்களில், தண்ணீர் வடிந்த உடனே கம்பியில் படாமல் அந்த வடிகுழிக்குள் ஓரிரு துளைகள் போட்டு வைப்பது என் வழக்கம். எதிர்பாராத ஊற்று வந்தாலும் அது தரையைத் தூக்காமல் துளை வழியே வந்துவிடும். பூச்சு பூசும் நாளுக்கு முந்தைய நாள் விரைவில் இறுகும் சிமெண்டால் அவற்றை அடைத்துவிடலாம்.

பழைய பூச்சைக் கொத்தி எடுத்தல்

காய்ந்த சுவரை மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒட்டியிருக்கும் இடம் கணீரென்று கேட்கும். விட்டுப்போன இடம் வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் பொள்ளலாகக் கேட்கும். பொள்ளல் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வாருங்கள். குறைவாக இருந்தால் அந்த இடங்களை மட்டும் எடுத்து மீதியைக் கொத்திச் சொரசொரப்பாக்கினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. ஏற்கெனவே ஒருமுறை பூச்சின் மேல் பூச்சு பூசப்பட்டிருந்தாலோ, வட்டங்கள் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினாலோ முழுவதையும் கான்கிரீட் வரை எடுத்துவிடுவதே நீடிக்கும் வேலை.

மேலே ஓடும் டைல் வரிக்குக் கீழேயும், தண்ணீர் உள்ளே வரும் குழாய் வாய்களைச் சுற்றியும், வடிகுழி, விளக்கு ஆகியவற்றின் ஓரங்களிலும் கிரைண்டரால் நேர்கோடாக வெட்டி, இரண்டு விரல் அகலத்துக்குக் கான்கிரீட் தெரியும்வரை பள்ளம் எடுக்க வேண்டும். புதுப் பூச்சின் விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் முழுக் கனத்தோடு உட்கார வேண்டும்; மெல்லியதாய் இழுத்துவிட்ட விளிம்புதான் ஓராண்டுக்குள் முதலில் பெயர்கிறது. கொத்தும்போது குழாய் வாய்களைத் துணியால் இறுக அடைத்துக்கொள்ளுங்கள்.

துருப் புள்ளி தெரிந்த இடங்களில் கம்பி வெளியே தெரியும்வரை உடைத்து, கம்பிக்குப் பின்னாலும் 25 மி.மீ. இடைவெளி வருமாறு எடுத்து, துருவைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த பழுதுநீக்கும் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்து மூடினால் பின்பக்கத் துரு பூச்சைத் திரும்பவும் பிளக்கும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி எனக் கடலை ஒட்டிய வீடுகளில் இந்தப் பழுது மிகுதி. காற்றிலுள்ள உப்போடு, கட்டும்போது கடல் மணல் கலந்திருந்தால் அந்த உப்பும் சேர்ந்து கம்பியைத் தின்னும். எந்தக் காரணம் கொண்டும் கடற்கரை மணலைக் குளத்துக்குள் கொண்டுவராதீர்கள். மயிரிழை விரிசல்களை ‘வி’ வடிவில் வெட்டி நிரப்பலாம். சுவரின் மேலிருந்து கீழ்வரை ஓடும் விரிசல், அல்லது மாதத்துக்கு மாதம் அகலும் விரிசல் இருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் மேற்கொண்டு போக வேண்டாம்.

கழுவுதலும் பிடிமானமும்

அழுத்த நீரால் கழுவிய பிறகு, ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் ஊற்றிக் கலக்கிப் பரப்பு முழுவதும் தெளித்து, நுரை அடங்கியதும் கழுவிவிட வேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறித்து முகத்தில் அடிக்கும். காலிக் குளத்தின் அடியில் அமிலப் புகை தேங்கும் என்பதால் ஒருவரைத் தனியாக இறக்கக் கூடாது. முகக் கவசம், கண்ணாடி, ரப்பர் கையுறை மூன்றும் கட்டாயம். அதன் பிறகு சோடா சாம்பல் கரைத்த நீரால் கழுவி, சுவரில் வழியும் நீரை பி.எச். (அமில-கார அளவு) காட்டும் தாளால் தொட்டுப் பார்த்து, அமிலம் எஞ்சவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிடிமானத்துக்குப் பாலிமர் கலந்த சிமெண்டுக் குழம்பைத் தூரிகையால் அடித்துச் சொரசொரப்பாக விடுவார்கள். அதை எத்தனை மணி நேரம் காயவிட வேண்டும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். பையில் அச்சிட்டிருப்பதையே பின்பற்றுங்கள்.

பூசும் நாள்

65 சதுர மீட்டரில் 12 மி.மீ. கனம் பூச ஏறத்தாழ 600 கிலோ வெள்ளை சிமெண்டும், 1,000 கிலோவுக்குச் சற்று மேலாக மார்பிள் தூளும் குறுணையும் தேவைப்படும். எடையில் ஒன்றுக்கு ஒன்றே முக்கால் என்ற இந்த விகிதம் முதல் கலவையிலிருந்து கடைசிக் கலவை வரை மாறக் கூடாது. வெள்ளை சிமெண்ட் ஐ.எஸ். 8042 முத்திரை உள்ளதாகவும், எல்லாப் பைகளும் ஒரே தொகுதி எண் உடையவையாகவும் இருக்க வேண்டும். தொகுதி மாறினால் நிறத்தில் திட்டு விழும். சுவருக்குப் பட்டி பார்க்கும் புட்டியைச் சேர்த்தால் வழவழப்பு வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எப்போதும் நீருக்குள் மூழ்கிக் கிடப்பதற்கு அது ஆனதில்லை.

பூச்சு முழுவதும் ஒரே நாளில், இடையில் நிற்காமல் முடிய வேண்டும். அதற்கு ஆறு கொத்தனார்களும் அதே அளவு கையாட்களும் வேண்டும். மூன்று பேரைக் கொண்டு இரண்டு நாளில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டால் நடுவில் விழும் இணைப்புக்கோடு குளம் உள்ளவரை தெரியும்.

இனி வெயில். பூச்சிலுள்ள சிமெண்ட் இறுகுவதற்கு முன் மேற்பரப்பு ஈரம் பறந்துவிட்டால், சிலந்தி வலைபோல் நுண் விரிசல்கள் விழும். வெயில் மட்டுமல்ல, காற்றும் அந்த ஈரத்தைப் பறிக்கிறது. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் கணவாய்க் காற்றில் மேகமூட்டமான நாளில்கூடப் பூச்சு வெடிப்பதுண்டு. எனவே முந்தைய நாளே குளத்துக்கு மேலே பச்சை நிழல் வலையோ முடைந்த தென்னோலையோ கட்டி, காற்று வரும் பக்கத்தில் தார்ப்பாயை ஆளுயரத்துக்கு நிறுத்துங்கள். மேலே தென்னை இருந்தால் காய்ந்த மட்டையையும் குரும்பையையும் இறக்கிவிடுங்கள். ரப்பர்த் தோட்டம் அருகில் உள்ள வீடுகளில், இலையுதிர்வு முடிந்ததைப் பார்த்துவிட்டே நாள் குறியுங்கள். ஈரப் பூச்சில் ஒட்டிய இலை பழுப்பு நிறத் தடத்தைப் பதித்துவிட்டுத்தான் போகும்.

அதிகாலை 4 மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் சுவர்களை நன்றாக நனைத்து, அரைமணி நேரம் விட வேண்டும். கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஆனால் கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. பூசத் தொடங்குவதற்கு அதுவே பதம். கலக்கும் தண்ணீரைக் குளிர்விக்க, மீன்பிடித் துறைமுகங்களை அடுத்துள்ள ஐஸ் தொழிற்சாலைகளில் நன்னீரில் உறைந்த கட்டிதானா என்று கேட்டு வாங்கிவந்து, டிரம்மில் முழுவதும் கரையவிட்டு, பிறகு அளந்து ஊற்றுங்கள். தண்ணீர் சிமெண்டின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. கலந்து வைத்தது இறுகத் தொடங்கினால் அதில் மீண்டும் தண்ணீர் விட்டுக் குழைக்காமல் தூக்கி எறியுங்கள்.

முதலில் சுவர்கள், பிறகு தரை. இரண்டு இடத்திலும் மெல்லிய முதல் அடுக்கை அழுத்தி ஏற்றி, அது ஈரமாக இருக்கும்போதே இரண்டாவது அடுக்கை ஏற்ற வேண்டும். மணியாசுக் கட்டையால் மட்டம் பார்த்த பின் எஃகுக் கரண்டியால் பலமுறை அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவார்கள். இங்கேதான் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சிமெண்டுத் தரை போட்டுப் பழகிய கை, தேய்ப்பு இறுகும்போது தன்னையறியாமல் உலர்ந்த சிமெண்டைத் தூவும், அல்லது தூரிகையால் தண்ணீர் தெளிக்கும். திண்ணைக்கும் நடுவீட்டுக்கும் அழகு தந்த பழக்கம் அது; நீருக்கடியில் அந்த மேல்தோல் பலமற்றுச் செதிலாக உரிந்துவிடும். அன்போடும் உறுதியோடும் முதலிலேயே கொத்தனாரிடம் சொல்லிவையுங்கள்: “அண்ணே, தேய்க்கும்போது தூவவும் வேண்டாம், தெளிக்கவும் வேண்டாம், இறுகுவதற்கு முன் முடியாத இடத்தைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம்.” நல்ல கொத்தனார் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்.

நிரப்புதல்

தேய்ப்பு முடிந்து மேற்பரப்பு விரல் பதியாத அளவுக்கு இறுகியதும், மெல்லிய பனிபோல் நீர் தெளித்து ஈரம் காத்து, 24 மணி நேரத்துக்குள் நிரப்பத் தொடங்க வேண்டும். இந்தப் பூச்சு தண்ணீருக்குள் இருந்துதான் பலம் பெறுகிறது. குழாயின் முனையில் துணி சுற்றி ஆழமான இடத்தில் வைத்து விடுங்கள். தண்ணீர் டைல் வரியைத் தொடும்வரை ஓட்டம் நிற்கவே கூடாது.

மார்ச்சில் கிணறு 45,000 லிட்டர் தராது என்பதால் லாரித் தண்ணீருக்கு முன்பே ஏற்பாடு வேண்டும். முதல் இரண்டு அடி ஆழத்துக்குக் கிணற்று நீரை மெதுவாக விட்டு, அதன் மேல்தான் லாரிக் குழாயைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் விசை பூச்சைத் தோண்டிவிடும். ஜெனரேட்டர் ஒன்றும் தயாராக இருக்கட்டும். ஒருமுறை நள்ளிரவில் மின்சாரம் போய் நான்கு மணி நேரம் மோட்டார் நின்றதில், சுவரின் நடுவே நூல் கட்டியதுபோல் ஒரு சாம்பல் கோடு விழுந்தது. எத்தனையோ முறை தேய்த்தும் அந்தக் கோடு போகவில்லை. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் செல்கிறது.

நிரப்பப் போகும் நீரை ஒரு வெள்ளை வாளியில் எடுத்துச் சிறிது திரவக் குளோரின் விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் பழுப்பேறியிருந்தால் அதில் இரும்பு இருக்கிறது; அந்த நீர் புதுப் பூச்சையும் அதே நிறத்துக்கு மாற்றிவிடும். அத்தகைய ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்துவிடுங்கள்.

முதல் 28 நாட்கள்

புதுப் பூச்சிலிருந்து சுண்ணாம்பு தண்ணீரில் இறங்குவதால் பி.எச். நாள்தோறும் ஏறிக்கொண்டே இருக்கும். தினமும் அளந்து, நீர்த்த அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து 7.2 முதல் 7.6க்குள் வையுங்கள். காரத்தன்மை 80 முதல் 120 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) வரையும், கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 பி.பி.எம். வரையும் இருக்க வேண்டும். நமது 45,000 லிட்டர் குளத்தில் காரத்தன்மையை 40 பி.பி.எம். ஏற்ற ஏறத்தாழ 3 கிலோ சமையல் சோடாவும், கடினத்தன்மையை 100 பி.பி.எம். ஏற்ற ஏறத்தாழ 6.5 கிலோ கால்சியம் குளோரைடு செதிலும் தேவை. மேற்குப் பகுதியின் மென்மையான கிணற்று நீருக்குக் கால்சியம் சேர்க்காமல் விட்டால், தனக்கு வேண்டியதைப் புதுப் பூச்சிலிருந்தே அது எடுத்துக்கொள்ளும். செதிலை வாளித் தண்ணீரில் கரைத்து, சூடு ஆறவிட்டு, பல நாட்களாகப் பிரித்து ஊற்றுங்கள். சோடாவும் கால்சியமும் ஒரே நாளில் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் தண்ணீர் பால்போலக் கலங்கும். கடலோரக் கிணற்று நீர் ஏற்கெனவே கடினமாக இருந்தால் கால்சியத்துக்குத் தேவையே இருக்காது, அங்கே பி.எச். ஏறவிட்டால் சுவரில் உப்புப் படியும்.

முதல் பத்து நாட்கள் காலையும் மாலையும் நைலான் தூரிகையால் சுவரையும் தரையையும் தேய்த்து, உதிரும் வெள்ளைத் தூளை எழுப்பி வடிகட்டிக்கு அனுப்ப வேண்டும். முதல் மூன்று நாட்கள் குளோரின் வேண்டாம். சக்கரம் உள்ள துப்புரவுக் கருவியை 14 நாட்களுக்கும், உப்பை 28 நாட்களுக்கும் குளத்தில் இறக்காதீர்கள். குளோரின் மாத்திரையை எப்போதும் மிதவையில்தான் போட வேண்டும்; தரையில் விழுந்த மாத்திரை, விழுந்த இடத்தைத் தன் அளவுக்கே அரித்து வைக்கும்.

தூள் அடங்கி, அளவுகள் மூன்று நாட்கள் தொடர்ந்து மாறாமல் நின்ற பிறகு பிள்ளைகளை இறங்கவிடலாம். பெரும்பாலும் பத்தாவது நாளில் அந்த நிலை வந்துவிடும். வராவிட்டால் இன்னும் இரண்டு நாட்கள் தூரிகையோடு காத்திருங்கள்.